பொதுவில் வைக்காத கட்டம்: மணிமொழி அம்மையாருக்குப் பணி நிறைவுப் பாராட்டு மடல்

சங்கராபுரம் கோமுகிக்கரை கணினிச் சேவைக் கூட்டுறவு நிலையத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் முறையாய், முனைப்பாய், முகம் சுளிக்காமல் உழைத்து, முதுநிலை நிரலாளராக இன்று பணி நிறைவு பெறும் பெருமதிப்பிற்குரிய திருமதி மணிமொழி அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் நிறைந்து உவந்தளிக்கும் மடல்.

நிரல் வடித்த நித்திலமே! பிழை பொறுத்த பெருந்தகையே! படிவங்களின் காட்டில் பாதை போட்ட பண்பாளரே! இன்னும் பன்னிரண்டு அடைமொழிகள் எழுதி வைத்திருந்தோம். நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பீர்கள் என்ற அச்சத்தால் இப்போதைக்கு மூன்றோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு நிரலாளர் அறிவுச்செல்வனாகிய என்னிடம் வந்தது. ஏன் என்னிடம் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்றே, புகழுரையாக மட்டும் எழுதாமல், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆகையால் இம்மடலில் ‘நாங்கள்’ என்று வரவேண்டிய இடங்கள் சிலவற்றில் ‘நான்’ என்று வரும். பொறுத்தருள்க.

தட்டச்சு நிலையமாக இவ்விடம் இருந்த 1990ஆம் ஆண்டில் தட்டச்சராகச் சேர்ந்தவர் நீங்கள். எலவனாசூர்கோட்டையிலிருந்து இரண்டு பேருந்து மாறி, கூட்டம் நெரிந்தாலும் குடை மறந்தாலும், ஒன்பது மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் உள்ளே நுழைந்தவர். முதல் கணினி இங்கே வந்திறங்கியபோது மற்றவர்கள் அதற்கு மாலை போட்டார்கள். நீங்கள் அதன் கையேட்டைக் கேட்டு வாங்கினீர்கள். மாலை வாடிய பிறகும் கையேடு உங்கள் மேசையில் இருந்தது. அந்தக் கையேட்டில் தொடங்கிய கல்விதான், சேவை மையங்கள் நாற்பதிலும் இன்று ஓடும் ‘கோமுகி’ என்னும் மைய மென்பொருளாக வளர்ந்தது. பள்ளி, கல்லூரி, விடுதி, குடிநீர் என்று எந்த விண்ணப்பம் புதிதாக வந்தாலும், அதற்கென ஒரு தனி நிரல் எழுதி மைய மென்பொருளோடு இணைப்போம். நீட்சி என்று அதற்குப் பெயர். அந்த நீட்சிகளால்தான் நாம் வாழ்ந்தோம், அவற்றால்தான் வதைபட்டோம்.

2020ஆம் ஆண்டின் கார்த்திகை, மார்கழி மாதங்களை இங்கிருப்போர் எவரும் மறந்திருக்க மாட்டோம். முகக்கவசம் அணிந்து வேலைக்கு வந்த காலம். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் ஊருக்கு ஊர் கிளம்பிய காலம். கிராம நிர்வாக அலுவலகம் முதல் ஆட்சியர் அலுவலகம் வரை மனுக்கள் மலையாய்க் குவிந்தன. சான்றிதழ் கேட்டு வரிசைகள் நீண்டன. வாரத்துக்கு ஒரு படிவம் புதிதாய் வந்தது. வந்த படிவம் அடுத்த வாரமே மாறியது. ஒரு நீட்சி எழுத மூன்று வாரம் ஆகும் இடத்தில், நான்கு நீட்சிகளை ஒரே மாதத்தில் கேட்டார்கள். நாங்கள் செய்தது எளிய வழி. பழைய நீட்சி ஒன்றை அப்படியே படியெடுத்து, தலைப்பை மாற்றி, இரண்டு கட்டம் கூட்டி, இரண்டு கட்டம் கழித்து அனுப்பிவிடுவோம்.

அந்த எளிய வழியின் விலையை ஒருநாள் காலை ராசு என்னும் கூலித் தொழிலாளி வந்து எங்களுக்குக் காட்டினார். அவர் மகள் பூமாலையின் செவிலியர் பயிற்சி விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. பிறந்த தேதி சான்றிதழில் ஒன்று, விண்ணப்பத்தில் வேறொன்று. நவம்பர் ஐந்து, மே பதினொன்றாகியிருந்தது. நாளும் மாதமும் இடம் மாறிய அந்த நீட்சி நான் எழுதியது.

அவர் சத்தம் போடவில்லை. தாளை மேசைமேல் விரித்து வைத்துவிட்டுச் சொன்னார்: “எம் பொண்ணு பொறந்தது ஐப்பசிலங்க. அடமழை. நான்தான் ஆசுபத்திரி வாசல்ல நனைஞ்சிக்கினு நின்னேன். நீங்க இன்னாத்துக்குங்க சித்திரைல போட்டு வெச்சிருக்கீங்க?”

நீங்கள் எழுந்து அவருக்கு நாற்காலி போட்டீர்கள். அன்றே அவரோடு கள்ளக்குறிச்சிக்குப் பேருந்தேறி, அலுவலகம் அலுவலகமாய் நடந்து, ‘பிழை எங்களுடையது’ என்று கைப்பட எழுதிக் கொடுத்து, இரண்டாவது பட்டியலில் பூமாலையின் பெயரைச் சேர்க்க வைத்தீர்கள். மறுநாள் நாங்கள் அந்தப் பிழையைப் படியெடுத்த இடமெல்லாம் தேடித் திருத்தினோம். பதினோரு நீட்சிகளில் திருத்தினோம். பன்னிரண்டாவது ஒன்று இருப்பதை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள்.

அன்று மாலை எங்களைக் கூட்டி வைத்து நீங்கள் சொன்னது இது: “நாளையிலேர்ந்து புது நீட்சி எதுவும் எழுத வேணாம். ஒரு வார்ப்புரு செய்யப்போறோம். உள்ள நுழையறது, பேரு, ஊரு, தேதி, சேமிக்கிறது, அச்செடுக்கிறது, அனுப்பறது. இதெல்லாம் எல்லாப் படிவத்துலயும் ஒண்ணுதான. அத ஒரு தடவ, ஒரே எடத்துல, ஒழுங்கா எழுதுவோம். படிவத்துக்குப் படிவம் மாறற கட்டத்த மட்டும் காலியா வுடுவோம். அத நிரப்பினா நீட்சி.”

உடன் பணியாற்றும் ஜெயப்பிரகாஷ் இன்னும் பெரிதாக யோசித்தார். எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் தானே படித்து, தானே நிரல் எழுதிக்கொள்ளும் ஓர் இயந்திரத்தைச் செய்துவிடலாம் என்றார். நான் அவருக்கு நேர் எதிராக, படியெடுப்பதே போதும், கவனமாகப் படியெடுப்போம் என்றேன். நீங்கள் இருவருக்கும் தலையசைக்கவில்லை. “எல்லாத்தையும் செய்யற ஒண்ணு நமக்கு வேணாம் ஜெயப்பிரகாஷ். அது கெட்டா நம்மால திறந்து பாக்க முடியாது. படியெடுக்கறதும் வேணாம் அறிவு. அது எங்க கெட்டுதுன்னே தெரியாது.”

பதினோரு வேலை நாள் கேட்டீர்கள். நம் செயலாளர் திரு. தெய்வசிகாமணி அவர்களுக்கு அது பொறுக்கவில்லை. இங்கே முன்வரிசையில் அமர்ந்து புன்னகைக்கிறார், அன்று புன்னகைக்கவில்லை.

“நாலு படிவம் காத்துக்கினு இருக்குதும்மா. ஊரே ரோட்டுல நிக்குது. நீங்க பதினோரு நாளு ஒண்ணும் செய்ய மாட்டேன்றீங்க!”

“ஒண்ணும் செய்யாம இல்லீங்க சார். ஒரு தடவ செய்யறேன்.”

பொறுமையின் பொருளே! இதைச் சொல்ல நாணுகிறோம்: நாங்கள் ஆறு பேர் உங்களுக்கு எதிராகச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினோம். ‘அவசர காலத்தில் மூத்த நிரலாளர் காலத்தை வீணாக்குகிறார்’ என்பது அதன் சாரம். எழுதியவன் நான். கடிதம் எப்படியோ முதலில் உங்கள் மேசைக்கு வந்துவிட்டது. நீங்கள் படித்தீர்கள்; இரண்டு சந்திப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தினீர்கள்; ‘இவர்கள் கவலை நியாயமானது; இருப்பினும் பதினோரு நாள் வேண்டும்’ என்று அடியில் எழுதி, நீங்களே கொண்டுபோய்ச் செயலாளரிடம் கொடுத்தீர்கள். அவர் அதைப் படித்துவிட்டுப் பதினோரு நாளைக் கொடுத்தார்.

அந்தப் பதினோரு நாளில்தான் நமக்குள் பெரிய வாக்குவாதம் வந்தது. நாற்பத்தொரு படிவங்களை எண்ணிப் பார்த்திருந்தேன். முப்பத்து நான்கில் சாதிப் பிரிவு கேட்டிருந்தது. ‘பெரும்பாலான படிவத்தில் வருவதால் அந்தக் கட்டமும் பொதுப்பகுதியில்தான் இருக்கவேண்டும். ஒருமுறை பதிந்தால் எல்லா நீட்சியும் எடுத்துக்கொள்ளும்’ என்றேன். கணக்கு என் பக்கம் இருந்தது. நீங்கள் மறுத்தீர்கள்.

“தண்ணி கொழாய்க்கு எழுதிக் குடுக்க வர்றவன்கிட்ட எதுக்குப்பா அத கேக்கணும்? கேக்கச் சொல்ற படிவம் கேக்கட்டும். அந்த நீட்சியோட அது நிக்கட்டும். பொதுவுல வேணாம்.”

“நேரம் மிச்சமாகும் மேடம்.”

“ஆவட்டுமே. வேணாம்.”

நான் விடவில்லை. குரலை உயர்த்தினேன் என்று நினைக்கிறேன். அப்போதுதான், எங்களில் எவரும் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னீர்கள். “எண்பத்தேழுலயும் ஒதுக்கீடு கேட்டு இதே மாதிரிதான் ரோடெல்லாம் நின்னுது. எனக்கு இருபத்தாறு வயசு. நானும் குஞ்சம்மாள்னு ஒருத்தியும் டைப்ரைட்டிங் கிளாஸ்ல பக்கத்துப் பக்கத்து மிஷினு. அவ வேகம் எனக்கு வராது. அந்த வாரத்துக்கப்புறம் அவ வேற வரிசைக்குப் போயி ஒக்காந்துக்கினா. சண்ட இல்ல. ஒரு வார்த்த தப்பா பேசிக்கல. யாரு இன்னா ஆளுன்னு கிளாஸ்ல எல்லாருக்கும் அப்பதான் தெரிஞ்சுது, அவ்ளோதான். யாரு பக்கம் நியாயம்னு நான் சொல்ல வரல அறிவு. ஒதுக்கீடு வேணும்; கேக்க வேண்டிய எடத்துல கேக்கணும். எல்லா எடத்துலயும் எழுதி வெக்க வேணாம்.”

அன்று நான் ஒப்பவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்தினேன். இன்னொன்றையும் இப்போது சொல்லிவிடுகிறேன். நானும் ஜெயப்பிரகாஷும் அப்போது பத்தொன்பது நாளாகப் பேசிக்கொள்ளவில்லை. என் ஊரான களமருதூரிலிருந்து நான் போராட்டத்துக்குப் போயிருந்தேன். அவர் தெருவிலிருந்து எவரும் போகவில்லை. அவ்வளவுதான். பதினாறு ஆண்டு ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள், அந்த மாதம் இரண்டு மேசையில் சாப்பிட்டோம். நீங்கள் அதைக் கண்டும் காணாமல், வேலையைப் பிரித்துக் கொடுத்தீர்கள். பொதுப்பகுதி அவருக்கு, அதன்மேல் முதல் நீட்சி எனக்கு. அவர் எழுதியது இல்லாமல் நான் எழுதியது ஓடாது.

வார்ப்புரு பதினோராம் நாள் பிற்பகல் முடிந்தது. அதை நிரப்பும் முறையை ஒரே ஒரு தாளில், சின்னச் சின்ன வாக்கியங்களில் நீங்கள் எழுதினீர்கள். பென்டிரைவில் ஏற்றி எல்லா மையங்களுக்கும் அனுப்பினோம். கல்வராயன் மலையில் வெள்ளிமலை மையத்துக்கும் ஒன்று போயிற்று.

அனுப்பிய நான்காம் நாள் சாலை மறியல். கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் பேருந்து உட்பட எதுவும் ஓடவில்லை. அன்று பார்த்து, மலைப் பள்ளி மாணவர்களுக்கான கல்வி உதவி விண்ணப்பப் படிவம் புதிதாய் வந்திருந்தது. கடைசி நாள் மறுநாள். நாற்பத்தேழு பிள்ளைகள். நாங்கள் மேலே போய் நீட்சியை நிறுவ வழியில்லை. வலைத்தொடர்பு வழியாக அனுப்பவும் மேலே சரியான அலைவரிசை இல்லை. வெள்ளிமலை மையப் பொறுப்பாளர் சின்னப்பொண்ணு, அலைவரிசை கிடைக்கும் மேட்டில் நின்றுகொண்டு உங்களை அழைத்தார். மலையில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். நிரல் ஒரு வரி எழுதியதில்லை.

“மேடம், பஸ் வரல. நீங்களும் வர முடியாது. படிவம் எங்கிட்ட தாளா இருக்குது. அந்த வார்ப்புருல நானே போட்டுப் பாக்கட்டுங்களா?”

நான் பக்கத்தில் நின்று வேண்டாம் என்று கையசைத்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. “போடும்மா. தப்பாப் போனா அழிச்சிட்டு மறுபடி போடு. அது கெட்டாலும் மத்தது எதுவும் கெடாது. அதுக்குத்தான் பிரிச்சு வெச்சிருக்குது” என்றீர்கள். அழைப்பு துண்டித்துப் போயிற்று.

அன்று முழுவதும் ஒரு செய்தியும் இல்லை. மறுநாள் மூன்றரை மணிக்கு எங்கள் திரையில் ஒரு விண்ணப்பம் வந்து நின்றது. பிறகு இன்னொன்று. அலைவரிசை கிடைக்கக் கிடைக்க, ஐந்து மணி அடிப்பதற்குள் நாற்பத்தேழும் இறங்கிவிட்டன. தேதிகள் எல்லாம் சரியாக இருந்தன. தலைப்பில் மட்டும் ‘விண்ணப்பம்’ என்பது ஒரு புள்ளி எழுத்துக் குறைந்து ‘விண்ணபம்’ என்றிருந்தது. நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். செயலாளர் தம் அறையிலிருந்து ஓடிவந்து, என்ன நடந்தது என்று கேட்காமலே அவரும் தட்டினார்.

அடுத்த நாள் மாவட்ட அலுவலகத்திலிருந்து அழைப்பு. “இன்னாங்க இது, நாப்பத்தேழு புள்ளைங்களும் கதவு எண் ஒண்ணுலயே இருக்காங்க? எல்லாம் ஒரே வூடா?”

மலைச் சிற்றூர்களில் பல வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. நம் வார்ப்புருவோ எண் போடாமல் விடாது. சின்னப்பொண்ணு வேறு வழியின்றி எல்லோருக்கும் ஒன்று என்று போட்டிருந்தார். தவறு யாருடையது என்று எங்களுக்குள் கேள்வி கிளம்புமுன் நீங்கள் தொலைபேசியில் சொல்லிவிட்டீர்கள்: “அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லீங்க. சங்கராபுரத்துல ஒக்காந்துக்கினு எல்லா வூட்டுக்கும் நம்பரு இருக்கும்னு நெனச்சது நாங்க.” கதவு எண் கட்டாயம் என்ற ஒரே ஒரு வரியைப் பொதுப்பகுதியில் எடுத்தோம். ஒரே இடத்தில் எடுத்தோம். எல்லா நீட்சியும் சரியாயிற்று. நாற்பத்தேழு விண்ணப்பங்களும் ஏற்கப்பட்டன. கடிதம் எழுதிய நாங்கள் ஆறு பேரும் அன்று உங்கள் மேசைக்கு வந்து நின்றோம். “இன்னா எல்லாரும் நின்னுக்கினு? காத்திருக்கற நாலு படிவத்த உங்களுக்குள்ள பிரிச்சு எடுத்துக்கோங்க” என்றீர்கள். நான்கும் ஒன்பது நாளில் முடிந்தன.

இனி எழுதப்போவதை இந்த மேடையில் சொல்லலாமா என்று பல நாள் யோசித்தேன். செயலாளரிடம் கேட்டு, அவர் ஒப்புதலோடு சொல்கிறேன்.

தை மாதத்தில் ஒருநாள், எனக்கு மாமா முறை ஆகும் மாயவன் என்னைத் தேடி வந்தார். “அறிவு, ஊரு ஊருக்கு யாரு யாரு இன்னா ஆளுன்னு உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமே. பேரோட, தெருவோட எடுத்துக் குடேன். நம்ம பசங்க கையில இருக்கட்டும்.”

அம்மையீர், அது பொதுப்பகுதியில் இருந்திருந்தால் எனக்குப் பத்து நிமிட வேலை. நான் எடுத்துக் கொடுத்திருப்பேன். இதை நான் நன்றாக யோசித்துவிட்டே எழுதுகிறேன். அந்த மாதம் எனக்கிருந்த மனநிலையில், மாமா கேட்கிறார் என்பதற்காக, பின்னால் அது எவர் கைக்குப் போகும், எந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் என்று நினைக்காமல் கொடுத்திருப்பேன். பொதுவில் அந்தக் கட்டம் வேண்டும் என்று உங்களிடம் வாதாடியபோதே, நேரம் மிச்சம் என்ற காரணத்துக்குப் பின்னால், எண்ணிப் பார்க்கும் ஆசையும் எனக்குள் இருந்தது. ஆனால் அந்த விவரம் எந்தெந்த நீட்சியில் கேட்கப்பட்டதோ அந்தந்த நீட்சிக்குள், அந்தந்த மையத்தின் பூட்டுக்குள் இருந்தது.

“இல்ல மாமா. அது அப்படி ஒரே எடத்துல இல்ல.”

“இன்னாடா கம்ப்யூட்டர் வெச்சிக்கினு இருக்கீங்க!” என்று சலித்துக்கொண்டு போனார்.

அவர் போன பின் நீட்சியில் ஏதோ ஒன்றைப் பார்ப்பதுபோல் ஜெயப்பிரகாஷின் மேசைக்குப் போனேன். “தேதி எந்தப் பக்கம் வருது?” என்றேன், எனக்குத் தெரிந்ததையே. “நாளு முன்னால, மாசம் பின்னால” என்றார். நான் மாயவன் வந்து கேட்டதைச் சொன்னேன். அவர் நாற்காலியைத் திருப்பினார். “எங்கிட்டயும் போன வாரம் ஒருத்தர் கேட்டாரு. எங்க பக்கத்து ஆளு. நானும் இல்லன்னுதான் சொன்னேன்.” பழையபடி ஆகிவிட்டோம் என்று எழுதினால் அது பொய். பேசுகிறோம். அன்றிலிருந்து மறுபடி ஒரே மேசையில் சாப்பிடுகிறோம்.

இரண்டையும் உங்களிடம் வந்து சொன்னோம். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். வெகுநேரம் துடைத்தீர்கள். “சரி. போயி வேலயப் பாருங்க” என்றீர்கள்.

எளிமையின் இலக்கணமே! இன்று நம் மென்பொருளில் ஐம்பத்தெட்டு நீட்சிகள் ஓடுகின்றன. மூன்று வாரத்தில் முடிந்தது இப்போது இரண்டு நாளில் முடிகிறது. பத்தொன்பது நீட்சிகளை நிரல் படிக்காத மையப் பொறுப்பாளர்களே ஆக்கியிருக்கிறார்கள். அந்த ஐம்பத்தெட்டில் நீங்கள் எழுதியவை இரண்டே இரண்டு. மற்றவர் வேலையை எளிதாக்குவதையே தம் வேலையாகக் கொண்ட ஒருவரை எந்தக் கணக்கில் வைத்துப் போற்றுவது என்று தெரியாமல்தான், இப்படி நீட்டி முழக்கி ஒரு மடல் எழுத நேர்ந்தது.

அன்பும் அமைதியும் அகலாத அம்மையீர்! உடல் நலம் குன்றாமல், உள்ளம் சோராமல், கண்ணொளி மங்காமல், காலை எட்டு மணி வரை கவலையின்றி உறங்கி, பேருந்துக்கு ஓடாமல், பிடித்ததைப் படித்து, நூறாண்டு தாண்டியும் நீங்கள் நிறைவாய் வாழவேண்டும் என்று நெஞ்சார வாழ்த்துகிறோம்.

நாளை முதல் இங்கே எது உடைந்தாலும் உங்களை அழைப்பதில்லை என்று நேற்று அனைவரும் கூடித் தீர்மானம் எழுதினோம். கையெழுத்திடும் நேரத்தில் ஜெயப்பிரகாஷ் கேட்டார்: “ஒண்ணும் உடையலன்னா? சும்மா பேசறதுக்குக் கூப்பிடலாமில்ல?” பிறகு தீர்மானத்தைத் திருத்தினோம். ஆகவே அழைப்போம். எடுத்துப் பேசுங்கள், அம்மையீர்.

உங்கள் உழைப்பின் நிழலில் உடனிருந்த பெருமையோடு,
செயலாளர், நிரலாளர்கள், மையப் பொறுப்பாளர்கள் மற்றும் அனைத்துப் பணியாளர்கள்,
கோமுகிக்கரை கணினிச் சேவைக் கூட்டுறவு நிலையம்,
சங்கராபுரம்.
31.08.2021